சிவப்பு ஆளின் கடைசிப் பதக்கம்

“...பொய் சொன்னது நாலு தடவை, அம்மாவை எதிர்த்துப் பேசுனது ஒம்போது தடவை. சரி. அதுக்கு அடுத்து ஒண்ணு சொன்னியே பாப்பா, அதை மட்டும் திருப்பிச் சொல்லு. எத்தனை பேரைக் கொன்ன?”

கேட்டவர் எங்கள் பங்குச் சாமியார். ஓட்டை ஓட்டையாகத் துளைத்த மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒன்பது வயதுக்காரி நான் முழங்காலில் இருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நாக்கை நீட்டி நற்கருணை வாங்கப் போகிற நாள். அதற்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் எண்ணிச் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் வெள்ளைக் கவுன். எனக்குப் பின்னால் முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

“நானூத்திப் பதினேழு, சாமி” என்றேன்.

அந்தப் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக் கெட்டுப்போகிறார்களாமே என்று ஆளாளுக்குப் பேசினோம். “எம்மவன் தூக்கத்துல சுடுறான்” என்றார் ஒருவர். “எம்மக சோறு போட்டா ‘எதிரி வர்றான், கவர் குடும்மா’ங்கிறா” என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு சாட்சியம்தான் தெரியும். அது இத்தனை வருஷமாக எனக்கும் அந்த மரச்சட்டத்துக்கும் மட்டுமே தெரிந்தது.

அது பள்ளிக்கூட லீவு விட்ட மே மாதம். கேபிள் டிவி எங்கள் தெருவுக்குள் வந்த புதுசு. திண்டுக்கல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வரும். திரும்பாவிட்டால் காற்றே வராது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடங்கள் வாசலில் வரிசை கட்டிக் காத்திருக்கும். அந்த லீவில்தான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கினார். பெட்டிக்குள் சென்ட்டு, கோடாலித் தைலம், அம்மாவுக்கு ஒரு பூப்போட்ட சேலை. எல்லாவற்றுக்கும் அடியில், பனியனில் சுற்றிய வீடியோ கேம் பொட்டி.

வெள்ளையும் சிவப்பும் கலந்த பிளாஸ்டிக். புதுச் செருப்பைப் பிரித்தது போல வாசம். மேலே மஞ்சள் கேசட்டைச் சொருகினால் கடக்கென்று உட்காரும். உட்காராவிட்டால் வெளியே எடுத்து அடியில் ஊதிச் சொருக வேண்டும். வயரோடு இரண்டு ரிமோட்டு. ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு. தம்பிக்கு அப்போது ஆறு வயது.

மாமா எங்களுக்குப் போட்டுக்காட்டியது ஒரு சண்டை விளையாட்டு. காட்டுக்குள் இரண்டு வீரர்கள். நீல ஆள் நான், சிவப்பு ஆள் தம்பி. எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், சுட்டுக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கு மூன்று உயிர். திரையின் உச்சியில் மூன்று பதக்கங்களாகத் தெரியும். ஒரு தடவை செத்தால் ஒரு பதக்கம் மறையும். மூன்றும் போனால் ஆள் மல்லாந்து விழுந்து, இரண்டு தடவை மினுக்கி, இல்லாமல் போவான்.

எனக்கு அந்த ‘இல்லாமல் போவது’தான் புதிராக இருந்தது. “மாமா, கரண்டு போனா உள்ள இருக்குறவங்க எங்க போவாங்க?” என்று கேட்டேன்.

மாமா சவரம் செய்துகொண்டே, “எங்க போவாங்க? சிப்புக்குள்ளதான் இருப்பாங்க. பத்திரமா” என்றார்.

அந்த ‘பத்திரமா’வை நான் அப்படியே நம்பினேன். தம்பியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அதே மாதம்தான் புதுநன்மை வகுப்பு. காலையில் பத்துக் கட்டளை, பிறகு வெயில் ஏறுகிற வரைக்கும் தூய ஆவியின் கொடைகள். சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு காலி டப்பா. ஒரு பாவத்துக்கு ஒரு புளியங்கொட்டை. மாதக் கடைசியில் கொட்டி எண்ணினால் பாவசங்கீர்த்தனத்தில் கணக்குப் பிசகாது. மற்ற பிள்ளைகளின் டப்பாவில் கொட்டை கிலுகிலுவென்று ஆடியது. என் பவுடர் டப்பா ஆடவே இல்லை. அவ்வளவு நெருக்கம்.

ஏனென்றால் நான் சிஸ்டரிடம் கேட்டிருந்தேன். “சிஸ்டர், வெளையாட்டுல கொன்னா அது அஞ்சாம் கட்டளையா?”

சிஸ்டர் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார். “கொலைன்னா கொலைதான். சந்தேகமா இருந்தா டப்பாவுல போட்டுரு.”

போட்டேன். ஆனாலும் எனக்குத் திருப்தியாக இல்லை. உயிரைப் பற்றித் தெரிந்த ஆளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கறி வாங்கப் போனபோது கறிக்கடை பாயிடம் கேட்டேன்.

“பாய், ஆடு அறுக்குறது பாவமா?”

“ஏம்மா, அரைக்கிலோ வாங்க வந்தியா, எம்மேல கேசு போட வந்தியா?”

“இல்ல பாய். நான் டிவியில ஆளுங்களைச் சுடுறேன். அது பாவமான்னு தெரியணும்.”

பாய் கத்தியைத் துடைத்து வைத்தார். கேள்விக்குரிய மரியாதையைக் கொடுத்தவர் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான். “நாங்க அறுக்குறதுக்கு முன்னால ஆட்டுக்குத் தண்ணி காட்டுவோம். அல்லா பேரைச் சொல்லித்தான் கத்தியவே வைப்போம். நீ சுடுற ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தியா?”

“குடுக்கல.”

“அப்ப மொதல்ல தண்ணியக் குடு. பாவம் புண்ணியத்தை அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்து, ஈரல் துண்டு ஒன்றை மேலே வைத்துக் கட்டினார்.

அன்றிலிருந்து விளையாடும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை டிவிக்கு முன்னால் வைத்தேன். இரண்டாம் நாள் அம்மா பார்த்துவிட்டார். “குடிக்கத் தண்ணி இல்லாம தெருவே தவிக்குது, டிவிக்குத் தாகம் எடுக்குதோ? யாருடி வச்சது?” நான் மாமாவைக் கைகாட்டினேன். பொய். ஒரு கொட்டை.

விளையாட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை என்று உங்களிடம் சாதிக்க மாட்டேன். கோவிலில் தூணைப் பார்த்தால் மறைந்துகொள்ள நல்ல இடம் என்று தோன்றியது. தண்ணீர் லாரிக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் எந்தத் தலையை முதலில் எடுக்கலாம் என்று கண் தானாகக் கணக்குப் போட்டது. ஆனால் அந்த நானூற்றுச் சொச்சம் பேருக்காக நான் ஒரு வாய் சோறு குறைத்துச் சாப்பிட்டதில்லை. வந்தார்கள், சுட்டேன், மினுக்கினார்கள், போனார்கள். அவர்களுக்கு முகமே கிடையாது.

வேறொரு சமாச்சாரம் இருந்தது. அதை மாமா விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். உன் உயிர் மூன்றும் தீர்ந்துவிட்டால் இந்தப் பொத்தானை அமுக்கு. கூட விளையாடுகிற ஆளிடமிருந்து ஓர் உயிர் உனக்கு வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாங்கள் அதற்கு முன் பார்த்திராத ஒரு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டோம். என் பதக்கம் மூன்றும் போய்விட்டது. தம்பியிடம் ஒன்று பாக்கி. நாக்கைக் கடித்துக்கொண்டு, பிட்டத்தைத் தூக்கித் தூக்கி, சிவப்பு ஆளைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தான். நான் பொத்தானை அமுக்கினேன். அவன் பதக்கம் அங்கே அணைந்தது. என் நீல ஆள் வானத்திலிருந்து பொத்தென்று குதித்தான். அடுத்த நொடியே சிவப்பு ஆள் மல்லாந்து விழுந்து மினுக்கிப் போனான்.

“அக்கா, அது என் உயிரு.”

“இருக்கட்டும்லே.”

“குடுக்கா. என் உயிரைக் குடு.”

எனக்குக் கோட்டையைப் பிடிக்கிற அவசரம். “ஒன் உயிரு எங்கிட்டதான் இருக்கு. தரமாட்டேன். செத்தவன் பேசக்கூடாது, போலே” என்றேன்.

அதைச் சொன்னபோது உள்ளே இனித்தது. நானூறு பேரைச் சுட்டபோது வராத இனிப்பு. இப்போதும் நாக்கை அழுத்தினால் அந்த ருசி வரும்.

தம்பி பேச்சை நிறுத்தினான். மறுநாள் சனிக்கிழமை பகல் முழுக்கக் கரண்டு இல்லை. அவன் நடுவீட்டில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தான். கை இரண்டும் விரிந்தபடி, சிவப்பு ஆள் விழுவானே அதே மாதிரி. அம்மா இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொண்டான். நான் குனிந்து, “ஏலே, சாப்புடுறா” என்றேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “செத்தவனுக்கு எதுக்குச் சோறு?”

பயந்துபோனேன். கரண்டு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கரண்டு ராத்திரிதான் வந்தது, அதற்குள் தம்பி தூங்கிப்போயிருந்தான். மறுநாள் காலைப் பூசையில் சாமியாரின் பிரசங்கம், எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது போல இருந்தது. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கிப் பொட்டிகள் வந்திறங்கிவிட்டன, பிள்ளைகள் மனதுக்குள் அவை ரத்தத்தை ஊற்றுகின்றன, இருக்கிறவர்கள் கொண்டுவந்து தான் தங்குகிற பங்கு இல்லத்தில் ஒப்படையுங்கள் என்றார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் துவண்டு கிடந்த தம்பியையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களைப் பொட்டிப் பக்கமே விடவில்லை. அன்று சாயங்காலம் அப்பா பொட்டியை ஒரு பச்சைத் தலையணை உறைக்குள் போட்டுத் தூக்கினார். அதுவரை அசையாமல் கிடந்த தம்பி எழுந்து, வாசல்வரை ஓடி, அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அலறினான். பிணத்தை எடுக்கும்போது வீட்டுக்காரர்கள் அலறுவார்களே, அந்த அலறல்.

“பாத்தியா, எம்புட்டு வெறி புடிச்சிருக்குன்னு? பொட்டியத் தொட்டதும் எப்படிக் கத்துறான்!” என்றார் அப்பா.

“எல்லாம் ஒன்னாலதான்டா” என்று அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். லீவு முடிவதற்குள்ளேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பியும் விட்டார். அவர் நல்லதைத்தான் நினைத்துக் கொண்டுவந்தார் என்று அவரிடம் சொல்ல அப்போது ஆளில்லை.

எனக்குத் தெரியும் தம்பி எதற்காக அலறினான் என்று. அவன் உயிர் அந்தத் தலையணை உறைக்குள் போகிறது. சிப்புக்குள், பத்திரமாக.

அந்த வாரம் முழுக்க அவன் வாயில் போனது கொஞ்சம் கஞ்சித் தண்ணியும் டாக்டரின் சிவப்பு டானிக்கும்தான். “வெயிலு, அப்புறம் அந்த கேமோட பாதிப்பு” என்றார் டாக்டர். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சாப்பிடவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். கறிக்கடை பாய் தானாக வந்து தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். போகும்போது என்னைப் பார்த்து, “என்னமோ ஒண்ணைத் தொலைச்சவன் மாதிரி கெடக்கான்மா. என்னத்தைத் தொலைச்சான்னு கேட்டுப் பாரு” என்றார். உண்மைக்குக் கிட்டத்தில் வந்தவர் அவர்தான்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் புதுநன்மை நின்றுவிடும். சின்னாளப்பட்டியிலிருந்து அத்தை எடுத்து வந்த வெள்ளைத் துணி கவுனாகி ஆணியில் தொங்கியது. வத்தலக்குண்டுச் சொந்தக்காரர்கள் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள். அதைவிட, தம்பியின் உயிரை எடுத்தவள் என்று அம்மா என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆக, சனிக்கிழமை மூன்று மணிக்கு, அந்த மரச்சட்டத்துக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்தேன்.

“நானூத்திப் பதினேழு” என்று சாமியார் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “எதை வச்சுக் கொன்ன பாப்பா?”

“ரிமோட்டு வச்சு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சிரிப்பை அடக்கினாரா, உயிர் வந்ததா, தெரியாது. “சரி. வேற?”

“ஏழாம் கட்டளை. களவு ஒண்ணு.”

“என்னத்தை எடுத்த?”

“தம்பி உயிரை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், பதக்கம், ‘செத்தவன் பேசக்கூடாது’, தலையணை உறை. சாமியார் குறுக்கே குறுக்கே கேட்டார். அந்தக் கேள்விகளில் அதட்டல் இல்லை. தெரிந்துகொள்கிற ஆசைதான் இருந்தது. “உயிரை எடுத்தா அவன் பதக்கம் ஒடனே அணைஞ்சிருமா? அவனும் அதே மாதிரி ஒங்கிட்ட எடுக்க முடியுமா?”

“முடியும் சாமி. அவனோடது தீந்தாத்தான் முடியும். ஆனா பொட்டி இல்லையே.”

“பொட்டி எங்க இருக்கு?”

“ஒங்க பீரோவுல.”

அவர் சட்டத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: “பாப்பா, இங்க நீ சொன்னதை நான் யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன். இதை வச்சு நான் ஒரு காரியம் செய்யணும்னா நீ சரின்னு சொல்லணும். எந்திரிச்சு வரட்டுமா?”

“வாங்க சாமி.”

பாவமன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு, திரையை விலக்கி வெளியே வந்தார். கழுத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற ஊதாப் பட்டை. “செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க சிஸ்டர்” என்றார். முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். சாமியாரையே எழுப்பிவிட்ட பாவம் என்னவாக இருக்கும்! கடைசி பெஞ்சில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், “பையனை எங்கூட அனுப்புங்கம்மா, ஆசீர்வாதம் பண்ணி அனுப்புறேன். அக்காளும் வரட்டும்” என்றார்.

ஆசீர்வாதத்தில்தான் பிள்ளை பிழைத்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். சாமியார் அதை மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. தன் பிரசங்கத்தைக்கூட அவரால் திருத்திக்கொள்ள முடியவில்லை. திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அவர் வாயைப் பூட்டி வைத்தது என் பாவசங்கீர்த்தனம்.

பங்கு இல்லத்துப் பீரோவைத் திறந்தார். திருவிழாச் சீரியல் பல்புகளுக்கு அடியில் ஏழெட்டுப் பொட்டிகள். ஒன்று லுங்கியில், ஒன்று துண்டில், ஒன்று அரிசிச் சாக்கில் சுற்றியிருந்தன. பச்சை உறையை நான் அடையாளம் காட்டினேன். வயரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் டிவிக்குப் பின்னால் முழிக்க, எந்த ஓட்டை என்று நான் சொன்னேன். கேசட்டை ஊதிச் சொருகினேன். பாட்டு வந்தது.

தரையில் கிடந்த தம்பியின் தலை திரும்பியது. ரிமோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“செத்தவன் எப்படி வெளாடுவான்?” என்றான்.

சாமியார் அவனுக்குப் பக்கத்தில், அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “செத்தவன் வெளாண்டு நான் பாத்ததில்லப்பா. நீ வெளாண்டு காட்டு, பாப்போம்.”

யோசித்தான். உட்கார்ந்தான். ரிமோட்டை வாங்கினான். சிவப்பு ஆள் ஆரம்பத்திலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவையும் விழுந்து மினுக்கினான். தம்பி என்னைப் பார்த்தான். என் பதக்கம் மூன்றும் அப்படியே இருந்தன. நான் என் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, “அமுக்குலே” என்றேன்.

அமுக்கினான். என் பதக்கம் ஒன்று அணைந்தது. சிவப்பு ஆள் வானத்திலிருந்து பொத்தென்று குதித்து நின்றான்.

“அக்கா, ஒனக்கு ரெண்டுதான் இருக்கு.”

“இருக்கட்டும்.”

அவன் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு ஆளைச் சும்மா நிற்க வைத்தே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரி ஒருத்தன் வந்தபோது சுடவில்லை, குதித்துத் தாண்டினான். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு மேசையைக் காட்டினான். “அந்தப் பழம் யாருக்கு?”

சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு. சாமியார் சீப்போடு எடுத்து அவன் மடியில் வைத்தார். முதல் பழத்தைத் தோல் உரிக்க நான் உதவினேன். இரண்டாவதை அவனே உரித்தான். வாய் நிறையப் பழத்தோடு சாமியாரை மேலும் கீழும் பார்த்தான்.

“சாமி, ஒங்களுக்கு எத்தனை உயிரு?”

“எனக்கா? ஒண்ணுதான்ப்பா.”

தம்பி அதை மென்று விழுங்கினான். “அப்ப பாத்துப் போங்க” என்றான்.

சாமியார் நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்த ஊதாப் பட்டையை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வெளியே முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். வாசலில் மூன்று படி. தினமும் இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறவர், அன்று அங்கியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து, வெயிலுக்குள் இறங்கிப் போனார்.